டெலிவரியா, லாரியா, குடோனா? வேலை தேடும் வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

தம்பிக்கோ மகனுக்கோ வீட்டுக்காரருக்கோ வேலை தேடும் வீடுகளில் இப்போது அதிகம் அடிபடும் பேச்சு மூன்று: பைக்கை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போகலாமா, ஹெவி லைசென்ஸ் போட்டு லாரி ஓட்டலாமா, ஒரகடம் பக்கம் குடோனில் சேரலாமா? மூன்றிலும் ஆள் எடுக்கிறார்கள், மூன்றிலும் உழைப்பு உண்டு. மாதக் கடைசியில் கையில் நிற்கும் காசும், உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பும்தான் வேலைக்கு வேலை மாறும். சேரும் முன்பே அதைத் தெரிந்துகொள்ள உதவும் குறிப்புகள் இவை, தோழிகளே.

1. நோட்டீஸில் போட்டிருக்கும் தொகை வரவு மட்டும்தான். ஒரு நோட்டில் மூன்று வேலைக்கும் மூன்று பக்கம் ஒதுக்கி, பெட்ரோல், வெளிச்சாப்பாடு, பஸ், ரீசார்ஜ், வண்டித் தவணை எல்லாவற்றையும் கழித்து எழுதுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் பக்கத்திலேயே குறித்து, மிச்சத் தொகையை மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்தால் பல நாள் குழப்பம் ஒரு ராத்திரியில் தீரும்.

2. டெலிவரிக்குப் பெட்ரோல் கணக்கு இப்படி: நாளைக்கு 100 கி.மீ., வண்டி லிட்டருக்கு 45 கி.மீ. தருகிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 222 ரூபாய். மாதம் 26 நாள் ஓட்டினால் கிட்டத்தட்ட 5,800 ரூபாய் பங்கிலேயே போய்விடும். உங்கள் வண்டியின் மைலேஜைப் போட்டு இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

3. தூரத்தை ஆப்பில் பார்க்காதீர்கள், வண்டி மீட்டரில் பாருங்கள். வீட்டிலிருந்து ஹோட்டல் வாசலுக்குப் போவது, ஆர்டர் கொடுத்துவிட்டுக் காலியாகத் திரும்புவது எல்லாம் மீட்டரில்தான் ஏறும். காலையில் ஒரு போட்டோ, ராத்திரி ஒரு போட்டோ போதும்.

4. நாளைக்கு 50 ரூபாய் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். மாதம் 1,300 ரூபாய் சேரும். ஆயில், பிரேக் ஷூ, செயின் செட், டயர் என்று டெலிவரி வண்டி கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த டப்பா இருந்தால் கைமாற்று வாங்க வேண்டியிருக்காது.

5. வேலை ஒத்துவருமா என்று தெரிவதற்குள் தவணையில் புது பைக் எடுக்க வேண்டாம். இருக்கிற வண்டியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம், அல்லது வாரவாடகைக்குக் கிடைக்கும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரை எடுக்கலாம். மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் ஓடாத, 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார் உள்ள ஸ்கூட்டருக்கு லைசென்ஸும் ரிஜிஸ்ட்ரேஷனும் தேவையில்லை. ஆனால் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும், அதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

6. சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பைக் இன்ஷூரன்ஸ், சரக்கு எடுத்துப் போகும்போது நடந்த விபத்துக்குக் கைகொடுக்காமல் போகலாம். பாலிசியில் வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கும் பத்தியைப் படியுங்கள். டெலிவரிக்கு ஓட்டப் போகிறோம் என்று இன்ஷூரன்ஸ்காரரிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனி தரும் விபத்துக் காப்பீடு ஆப்பில் லாகின் செய்திருக்கும் நேரத்துக்கு மட்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

7. டெலிவரி எல்லாம் ஒன்றல்ல. சாப்பாட்டு டெலிவரி மதியமும் ராத்திரியும் சூடு பிடிக்கும், பண்டிகை, ஞாயிறு, மழை நாள் எல்லாம் அதற்கு வேலை நாள். பார்சல் டெலிவரி காலையில் ஹப்பில் மூட்டையை வாங்கினால் பெரும்பாலும் இருட்டுவதற்குள் முடியும். பிள்ளைகளோடு ராத்திரிச் சாப்பாடு சாப்பிட நினைப்பவருக்கு அதுதான் சரி.

8. காலேஜ் போய்க்கொண்டோ, வேறு வேலை பார்த்துக்கொண்டோ சம்பாதிக்க வேண்டும் என்றால் மூன்றில் டெலிவரி மட்டுமே வளைந்து கொடுக்கும். முழுநேரத்துக்கு என்றால் இன்சென்டிவ் விதியைக் கவனியுங்கள்: இத்தனை ஆர்டர், இத்தனை மணி நேரம் லாகின் என்று இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே இருக்கும். வாரம் தொடங்கும்போதே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நடுவில் மாறினால் பேச ஆதாரம் வேண்டுமே.

9. டெலிவரித் தொகையில் டிடிஎஸ் என்று 1 சதவீதம் பிடித்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவர், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த பணம் வங்கிக் கணக்குக்கே திரும்பி வரும். பான் எண் கொடுக்காமல் விட்டால் 20 சதவீதம் பிடிக்க இடமுண்டு, அதனால் சேரும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

10. ஆப் மூலம் வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்து அட்டை வாங்கி வையுங்கள். 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தபோது வாரிய உறுப்பினருக்குத்தான் அது என்றார்கள். அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவும் இலவசம்தான். ஆதார், அதோடு இணைத்த போன், வங்கிக் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே முடிக்கலாம்.

11. சென்னையில் ஓட்டுபவர்கள் அண்ணா நகரிலும் தி.நகரிலும் மாநகராட்சி அமைத்துள்ள குளிர்சாதன ஓய்வறையைத் தெரிந்து வையுங்கள். மே மாத வெயிலில் கால் மணி நேரம் உட்கார்ந்து, போனைச் சார்ஜ் போட்டு, கழிப்பறைக்கும் போய்வர இடம் இருப்பது பெரிய உபகாரம். பையில் ஒரு பாட்டில் மோரும் இருந்தால் கடையில் ஜூஸ் வாங்கும் காசு மிச்சம்.

12. இனி லாரிப் பக்கம். மகனுக்கு 18 முடிந்ததும் கார் லைசென்ஸ் எடுத்துக் கொடுங்கள், வீட்டில் கார் இல்லாவிட்டாலும் சரி. கார் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், 20 வயதும் நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கனரக வண்டிக்கு விண்ணப்பிக்க முடியும். இந்த ஒரு வருஷத்தை முன்கூட்டியே ஓட்டிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

13. எட்டாவது படிக்கவில்லையே என்று தயங்குபவர்களுக்கு நல்ல செய்தி: போக்குவரத்து வண்டி லைசென்ஸுக்கு இருந்த அந்தப் படிப்பு நிபந்தனையை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். போர்டு படிக்கத் தெரிந்திருப்பது ரோட்டில் உயிரைக் காக்கும், அதனால் இந்தி, தெலுங்கு, கன்னட ஊர்ப் பெயர்களை அடையாளம் காணும் அளவுக்காவது பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

14. லாரிக்குப் போகும் முன் குட்டி யானையில் பழகலாம். சரக்கோடு சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதியாகச் சொல்லிவிட்டது. தனி பேட்ஜ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

15. ஹெவி பழக நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் டிரைவர் பயிற்சி நிலையமும், கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனப் பயிற்சிப் பள்ளியும் இருக்கின்றன. தெருமுனைப் பள்ளியில் காலி வண்டியை நாலு ரவுண்டு சுற்றுவதைவிட, இறக்கத்தில் கியரில் இறங்குவதையும் ரிவர்ஸில் சரக்கு ஏற்றும் மேடைக்குக் கொண்டுபோவதையும் ஒழுங்காகச் சொல்லித் தரும் இடமா என்று பாருங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் அது திரும்பி வந்துவிடும் செலவு.

16. லைசென்ஸ் கைக்கு வந்தவுடன் வண்டி கேட்காதீர்கள். தெரிந்த டிரைவரோடு ஒரு ட்ரிப் கிளீனராகப் போய்வரச் சொல்லுங்கள். ராத்திரி தூக்கம் எப்படி, தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டுவது எப்படி, லோடு கிடைக்காமல் ரெண்டு நாள் நின்றால் மனசு என்ன சொல்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு பயணத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் அது லாபம்தான்.

17. ஓனரிடம் முதலில் கேட்க வேண்டியது, "லைன் வண்டியா, லோக்கல் வண்டியாண்ணே?" வட இந்தியா போகும் லைன் வண்டி என்றால் வீட்டுக்கு வருவது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கம் ஓடும் ட்ரெய்லர் என்றால் ஊருக்குள்ளேயே இருப்பார், ஆனால் க்யூவில் நிற்பதே பாதி வேலை. சம்பளத்தைப் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள்.

18. படி (பேட்டா) பேசும்போது "எது எதுக்கெல்லாம் சேர்த்து?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், பார்க்கிங், வழியில் கைவிட்டுப் போகும் சில்லறைச் செலவு இதெல்லாம் யார் தலையில்? படி அதிகமாகத் தெரிந்து, செலவெல்லாம் டிரைவர் தலையில் விழுந்தால் குறைந்த படி வண்டியே மேல். திரும்பும்போது காலியாக வந்தால் படி உண்டா என்பதையும் மறக்காதீர்கள்.

19. கூடுதல் பாரம் ஏற்றச் சொல்லும் இடத்தில் சேர வேண்டாம், இது என் கண்டிப்பான கருத்து. அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் ஏறும். காசை ஓனர் கட்டினாலும், பிரேக் பிடிக்காத இறக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது நம் வீட்டு ஆள்.

20. கேஸ், பெட்ரோல், ஆசிட் ஏற்றும் டேங்கருக்கு 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனிப் பதிவு வாங்க வேண்டும். நாமக்கல் வட்டாரத்தில் கேஸ் டேங்கர்கள் அதிகம். இந்தப் பதிவு இருப்பவருக்கு வேலை தேடி அலையும் பாடு குறைவு, தார்ப்பாய் கட்டும் வேலையும் இல்லை. பொறுமையும் நிதானமும் உள்ளவருக்கு மட்டும் சொல்லுங்கள்.

21. வண்டி எந்த வருஷத்து வண்டி என்று கேளுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். என்ஜின் சூட்டோடு பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்கு இது சொகுசு இல்லை, கண் அசராமல் இருக்க உதவும் சாதனம்.

22. லாரியில் போகிறவருக்கு வீட்டிலிருந்து கொடுத்து அனுப்ப ஏற்றது: தண்ணீர் படாமல் வதக்கிய வெங்காயத் தொக்கு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி. வண்டி ஓரம் கட்டினதும் கேபினுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டவ்வில் ஒரு கைப்பிடி அரிசி வைத்தால் இருபது நிமிஷத்தில் சோறு, பாட்டிலைத் திறந்து பிசைந்துகொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு வேளையும் ஹோட்டலில் சாப்பிட்டால் படியில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும், வயிறும் கெடும். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, அகல வாய் பாட்டிலில் போட்டு, மேலே ஒரு வாழையிலைத் துண்டை வைத்து மூடினால் குலுக்கலில் கசியாது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வோ கேஸோ, டேங்கர் வண்டியில் மட்டும் கூடவே கூடாது.

23. ஒரிஜினல் லைசென்ஸை யாரிடமும் அடமானம் மாதிரி கொடுத்து வைக்காதீர்கள். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகன் ஆப்பிலும் இருப்பதே சோதனையில் செல்லும். போக்குவரத்து வண்டி லைசென்ஸுக்கு ஆயுள் 5 வருஷம்; முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் விட்டால் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டியிருக்கும். சமையலறைக் காலண்டரில் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

24. குடோன் வேலைக்குச் சொல்லும் சம்பளம் 18,000, அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 135, கையில் 16,425. பிடித்தம் என்று வருத்தப்படாதீர்கள், பி.எஃப்.பில் அதே அளவு கம்பெனியும் போட வேண்டும், இ.எஸ்.ஐ.யில் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். டெலிவரியில் இந்த இரண்டையும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால், ஒப்பிடும்போது குடோன் பக்கம் இதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

25. சில இடங்களில் கம்பெனி போடும் பங்கையும் சேர்த்துப் பெரிய தொகையாகச் சொல்வார்கள். "கையில எவ்வளவு வரும்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். சேர்ந்த பிறகு மாதாமாதம் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காண்ட்ராக்டர் மூலம்தான் எடுப்பார்கள், சம்பளச் சிலிப் யார் பெயரில் வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

26. குடோன் என்றால் மூட்டை தூக்குவது மட்டுமில்லை. பிக்கிங் என்றால் நாள் முழுக்க நடை, பேக்கிங் என்றால் நின்ற இடத்தில் கைவேலை, ஸ்கேனிங் என்றால் கண்ணுக்கு வேலை, லோடிங் என்றால் முதுகுக்கு. முதுகுவலி இருப்பவர் எந்தப் பிரிவு என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

27. நின்றுகொண்டே வேலை என்றாலும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது. கடைகள் சட்டத்தில் குடோனும் அடக்கம். நேர்முகத்துக்குப் போகும்போது உள்ளே ஸ்டூலோ பெஞ்சோ இருக்கிறதா என்று கண்ணாலேயே ஒரு நோட்டம் விடுங்கள், அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

28. கம்பெனி பஸ் எங்கே ஏற்றுகிறது, எங்கே இறக்குகிறது என்று கேளுங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மப்பேடு, கோவையில் சூலூர், கருமத்தம்பட்டி எல்லாம் ஊரைத் தாண்டிய இடங்கள். எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் அது பதினோரு மணி நேர வேலை.

29. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். மணிக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே தெரிந்து, வேலைக்குள் நுழைந்த நேரமும் வெளியே வந்த நேரமும் தினமும் போனில் குறித்து வைத்தால் மாதக் கடைசியில் வாக்குவாதம் வராது.

30. வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போக நினைத்தால் பகல் ஷிஃப்ட் குடோன்தான் இப்போதைக்கு வசதி. பேக்கிங்கிலும் ஸ்கேனிங்கிலும் பெண்களை நிறைய எடுக்கிறார்கள். ராத்திரி ஷிஃப்ட் சுழற்சியில் வருமா, வந்தால் வீட்டு வாசல் வரை வண்டி உண்டா, கழிப்பறை எத்தனை தூரம் என்று மூன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

31. தீபாவளிக்கு முன் ஆன்லைன் விற்பனை சூடு பிடிக்கும்போது குடோன்களில் தற்காலிக ஆள் எடுப்பார்கள். இதைச் சோதனைக் காலமாக எடுத்துக்கொள்ளலாம். பாதத்துக்கு மெத்தென்ற சோல் வைத்த ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். முதல் வாரம் ராத்திரி வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைத்தால் வலி இறங்கும்.

32. குடோனில் சேர்ந்தவர் ஆறு மாதம் கழித்து ஃபோர்க்லிஃப்ட் பழகக் கேட்க வேண்டும். ஆபரேட்டர் ஆனால் சம்பளமும் கூடும், முதுகும் தப்பும். சொல்லாமல் யாரும் கூப்பிட்டுக் கற்றுத்தர மாட்டார்கள்.

33. மூன்றில் ஒன்றைத்தான் ஆயுசுக்கும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. பதினெட்டில் கார் லைசென்ஸ் எடுத்துவிட்டு குடோனில் சேர்ந்து, பி.எஃப். சேர்த்துக்கொண்டே 20 வயதுக்குக் காத்திருந்து ஹெவி எடுப்பது நான் பார்த்ததில் நல்ல வழி. அந்த வயதில் தவணை பைக் எடுத்து டெலிவரியில் இறங்கினால் வண்டிக்காக உழைப்பதுபோல் ஆகிவிடும். நாற்பதைத் தாண்டியவருக்கோ, வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவரைக் கவனிப்பவருக்கோ, வீட்டைச் சுற்றியே ஓட்டும் டெலிவரி லாரியைவிடத் தோது.

34. வேலை வாங்கித் தருகிறேன் என்று டெபாசிட், யூனிஃபார்ம் காசு, ஐ.டி. கார்டு காசு என்று முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நேரே குடோன் கேட்டுக்குப் போய் செக்யூரிட்டியிடம், "அண்ணே, இங்க ஆள் எடுக்கிறாங்களா, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டால் ஒரு பஸ் டிக்கெட் செலவோடு உண்மை தெரியும்.

35. எந்த வேலையாக இருந்தாலும், சேரும் வாரத்திலேயே வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா படிவம் ஒன்று நிரப்பிக் கொடுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய்தான், 18 முதல் 70 வயது வரை சேரலாம், விபத்து மரணத்துக்கு 2 லட்ச ரூபாய் காப்பீடு. பாலிசி ஜூன் 1 முதல் மறு வருஷம் மே 31 வரை; தொகை மே கடைசியில் தானாகப் பிடிபடும், அதனால் அந்த வாரம் மட்டும் கணக்கை வழித்துத் துடைத்து எடுக்காமல் கொஞ்சம் விட்டு வையுங்கள்.